நானூற்றுப் பன்னிரண்டு

இதய ஆபரேஷன் முடிந்தவர்களைப் படுக்க வைக்கிற அந்தப் பெரிய அறையில் அவளுக்குக் 'கடிகாரம் சிஸ்டர்' என்று பேர். வைத்தவர்கள் நோயாளிகள்தான். மணிக்கொரு தடவை, ஒரு நிமிஷம் பிந்தாமல், ஒவ்வொரு கட்டிலுக்கும் வந்து விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாள். சர்க்கரை எவ்வளவு என்று உள்ளங்கையளவு மெஷினில் பார்ப்பாள். கட்டிலோரத்தில் இன்சுலின் ஏற்றுகிற பம்ப்பில் அதற்குத் தக்கபடி கூட்டுவாள், இல்லை குறைப்பாள். அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. சோப்புப் போட்டுப் போட்டு வெளிறிப்போன கைகள். பகல் சாப்பாட்டை நின்றபடியே நாலு நிமிஷத்தில் முடிப்பாள். பத்தொன்பது வருஷமாக இதே அறை, இதே வேலை.

இன்றைக்கு அவளைப் பற்றி யார் கேட்டாலும் வாய் ஓயாமல் சொல்வேன். ஆனால் முதல் நாள் அவளோடு நான் போட்ட சண்டை இருக்கிறதே, அதை வராந்தா முழுக்கக் கேட்டது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இருபது வருஷம் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்தவள் வேறு எப்படி இருப்பாள்? என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்டவர்களுக்குக் கதவிடுக்கு வழியாக ஆறுதல் சொல்லியே வாய் வலித்துவிடுமோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் நாலு வார்த்தை பேச மாட்டார். அந்த மனுஷனுக்கு நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் இன்சுலின் ஏறிக்கொண்டிருக்கிறது! எனக்கு வந்ததே கோபம்.

"யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க? இல்லாத வியாதிய இழுத்து விடறீங்களா? ஒரு தடவ ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாதாமே!"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "இவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணியிருக்கும்மா. உடம்பு அரண்டுபோய் சர்க்கரைய ரத்தத்துல கொட்டுது. வியாதி இல்லாதவங்களுக்கும் இப்படித்தான். அப்படியே விட்டா புண்ணு ஆறாது, கிருமி வந்து குடியேறிடும். ரெண்டு மூணு நாள்ல தானா இறங்கும். நானே கழட்டிடுவேன்."

"இறங்கலன்னா?"

"அப்ப வந்து திட்டுங்க. இப்ப கொஞ்சம் நகருங்க."

ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்தாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதற்கப்புறம்தான் குத்தினாள்.

"அவரென்ன பச்சைக் குழந்தையா, கையெல்லாம் கழுவி விட?" என்றேன்.

"அவரே கூச்சப்படல. உங்களுக்கு என்னம்மா?" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துத் தொலைத்தார். நெஞ்சில் தையல் போட்டவர் சிரிக்கலாமா? ஐயோ அம்மா என்று தலையணையைக் கட்டிக்கொண்டார்.

போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னாள். "சர்க்கரை ஏறினா நாள் கணக்குல கெடுக்கும். ரொம்ப இறங்கிட்டா நிமிஷக் கணக்குல மூளையப் பிடிக்கும். நடுவுல நிறுத்தி வெக்கணும், அதான் என் வேலையே. வெளியில இருந்து ஒரு பருக்கை கொண்டுவராதீங்க."

நான் கேட்கிற ஆளா?

இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டை அவர் அப்படியே வாந்தி எடுத்துவிட்டார் என்றார்கள். பதினொரு மணிக்குப் பார்க்க விட்டார்கள். முகம் சுருங்கிக் கிடந்தது. மனசு கேட்குமா? வராந்தாவிலேயே ஓர் ஆரஞ்சை உரித்துக் கைக்குட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். ஒரு சுளையை அவர் கையில் திணித்தேன். வாய்வரை கொண்டுபோனார், குமட்டியது, விரல்களுக்கு நடுவில் நசுக்கிக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் நெற்றி வேர்த்திருந்தது. புழுக்கம் என்று நினைத்து முந்தானையால் விசிறினேன். இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த நேரம் பார்த்து மறுபக்கத்துக் காலிக் கட்டிலுக்குப் புது ஆளைக் கொண்டுவந்தார்கள். கடிகாரம் அங்கே மாட்டிக்கொண்டாள். எங்கள் கட்டிலுக்கு வேறு பிரிவிலிருந்து உதவிக்கு வந்திருந்த ஒரு நெட்டை சிஸ்டர் வந்தார். கிண்ணமும் இல்லை, வெந்நீரும் இல்லை. விரலை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை, ஒரு குத்து.

"நானூத்துப் பன்னெண்டு!" என்றார்.

நெட்டை சிஸ்டர் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தார். நானூறுக்கு மேல் போனால் எவ்வளவு ஏற்றுவது என்று அதில் இருந்தது. பம்ப்பின் பொத்தானில் விரலை வைத்தார்.

"தொடாதீங்க!"

கடிகாரம் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். இரண்டே எட்டில் வந்துவிட்டாள். "போன மணிக்கு நூத்தி நாப்பது. சாப்பிட்டதும் வெளிய வந்தாச்சு. ஒரு மணி நேரத்துல எப்படி நானூறு ஆகும்?" அவர் பின்கழுத்தைத் தொட்டாள். ஈரமாக இருந்ததோ என்னவோ, முகம் மாறியது. என் பக்கம் திரும்பினாள்.

"கையில ஏதாவது கொடுத்தீங்களா?"

"இல்லையே," என்றேன். கைக்குட்டை என் பைக்குள் நனைந்துகொண்டிருக்கிறது. வாய் கூசாமல் சொன்னேன்.

"சரிங்கம்மா," என்றாள். அதோடு விட்டாளா? அவர் விரலைத் தூக்கி மூக்கருகில் வைத்து முகர்ந்தாள். வெந்நீர் வந்தது. சோப்புப் போட்டாள், கழுவினாள், துடைத்தாள், குத்தினாள். முதல் சொட்டைத் துடைத்து எறிந்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள்.

ஐம்பத்தெட்டு.

என் வீட்டுக்காரர் கண் செருக, "நாலாவது மாடியில யாரோ கதவைத் தட்டுறாங்க, திறந்து விடு," என்று உளறத் தொடங்கியிருந்தார். அவள் இன்சுலினை நிறுத்தினாள். நரம்புக் குழாய் வழியாகச் சர்க்கரைத் தண்ணீரை ஏற்றினாள். டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். என்னை அங்கிருந்து போகச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. பதினைந்து நிமிஷம். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பதினைந்து நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. மறுபடி குத்தினாள். நூற்று நாலு. அவர் கண் திறந்து, என்னைப் பார்த்து, "ஏன் அழுவுற?" என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

மெஷினும் அட்டவணையும் ஒன்று சொல்ல, ஒருத்தி மட்டும் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, என் புருஷனை எனக்குத் திருப்பித் தந்துவிட்டாள். கோயிலில்கூட நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

மூன்றாம் நாள் சர்க்கரை தானாக நூற்றுப் பதினெட்டில் நின்றது. சொன்னபடியே பம்ப்பைக் கழற்றினாள். நாலாம் நாள் அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். அதுவரை அந்தப் பொய் என் தொண்டையிலேயே இருந்தது. கிளம்புகிற நேரம் வராந்தாவில் அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"சிஸ்டர், அன்னிக்கு நான் பொய் சொன்னேன். ஆரஞ்சு கொடுத்தேன்."

"தெரியும்மா. மணத்துச்சே. விரல்ல ஒட்டியிருந்த பழச்சாறைத்தான் மெஷின் ரத்தத்துச் சர்க்கரையா காட்டிடுச்சு."

"அப்படின்னா ஏன் என்னைத் திட்டல? டாக்டர்கிட்டகூட என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலயே!"

என்னை வராந்தா ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒருத்தருக்கு முந்நூத்தி எண்பது காட்டுச்சு. அவர் சம்சாரத்தக் கேட்டேன். ஒண்ணும் கொடுக்கலன்னாங்க. நம்பினேன். கைய கழுவாமலே குத்தின ரத்தம் அது. அந்த நம்பரயும் நம்பி மருந்த ஏத்திட்டேன். அவர் கண்ணே முழிக்கல. நாலாம் நாள் போயிட்டார். மருந்த ஏத்தின அன்னிக்கே படுக்கை விரிப்ப மாத்தும்போது தலையணைக்கு அடியில நசுங்கின திராட்சை கிடந்துச்சு."

"அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"விசாரணை வெச்சாங்க. கைய கழுவாதது நான், மருந்த ஏத்தினது நான்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். அது நிஜந்தானே? ஆறு மாசம் வேலைய விட்டு நிறுத்தி வெச்சாங்க. அந்தம்மா வீட்டுக்கே போய் அதையே சொல்லிட்டு வந்தேன். திராட்சையப் பத்தி மட்டும் இதுவரைக்கும் யார்கிட்டயும் வாய் திறக்கல."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"முதல்ல மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டாங்க. இப்ப வருஷா வருஷம் அந்தத் தேதியில போன் பண்றாங்க. 'உன்னை நான் மன்னிச்சுட்டேன்மா, நீ மனசப் போட்டு உழப்பிக்காத'ன்னு சொல்வாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"சரிங்கம்மான்னு கேட்டுப்பேன்," என்றாள்.

நான் அந்த வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க, அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.