எட்டு பென்டிரைவும் ஒரு டிஸ்க்கும்

பனியன் கம்பெனியில் என்னைப் போல் கம்ப்யூட்டர் பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதே, ஏதாவது கெட்டுப்போனால்தான் மற்றவர்களுக்கு ஞாபகம் வரும். அன்று காலை கெட்டுப்போனது சர்வர். அதிலிருந்த நான்கு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று சிவப்பு விளக்கு காட்டியது. ஒன்று போனால் பயமில்லை. புது டிஸ்க்கைச் சொருகினால், மற்ற மூன்றையும் படித்து, போனதைத் திரும்ப எழுதிக்கொள்ளும். ஆனால் அது முடிவதற்குள் இன்னொன்றும் போனால் எல்லாமே போச்சு. மிச்சமிருந்த மூன்றும் செத்துப்போனதோடு ஒரே நாளில் வாங்கியவை.

பேக்கப் இருக்கிறதா என்று மட்டும் முதலாளி கேட்டார். இருக்கிறது என்றேன். வாய் முந்திக்கொண்டது. சனிக்கிழமைதோறும் வெளி டிஸ்க்கில் எடுத்து வைக்க வேண்டியதை, ஷிப்மென்ட் அவசரம், பண்டிகை லீவு என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தேன்.

துணி வெட்டுவதற்கான அளவுப் படங்களைப் போடும் பேட்டர்ன் மாஸ்டரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அவர் போட்ட பேட்டர்ன் எல்லாம் அந்த சர்வரில்தான் இருந்தன. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார்.

புது டிஸ்க்கைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு சதவீதம்தான் எழுதியிருந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது மூன்று. இந்த லட்சணத்தில் போனால் நான்கு நாளாகும். டிஸ்க் விற்ற கடைக்காரரைப் போனில் கூப்பிட்டு, மட்டமான சரக்கை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று எரிந்து விழுந்தேன். டிஸ்க் நல்ல டிஸ்க்தான் என்று சத்தியம் செய்தார். சோதித்துப் பார்த்ததில் எனக்கும் ஒரு குறையும் தென்படவில்லை. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

இரண்டரை மணிக்குக் கரண்ட் போனது. சர்வருக்குத் தனி யுபிஎஸ் இருந்ததால் அது ஓடிக்கொண்டிருந்தது. பேட்டர்ன் ரூம் யுபிஎஸ்ஸில் பேட்டரி செத்து நாளாகிவிட்டது, அங்கே எல்லாம் அணைந்தன. உடனே புது டிஸ்க்கில் எழுதும் வேகம் பல மடங்கு ஏறியது. ஜெனரேட்டர் ஓடி அந்த ரூமுக்குக் கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில் வேகம் மறுபடி படுத்துக்கொண்டது. நான் பேட்டர்ன் ரூமுக்கு ஓடினேன்.

எட்டுக் கம்ப்யூட்டரில் எட்டு பென்டிரைவ். மாஸ்டரோடு சேர்த்து எட்டுப் பேரும் பேட்டர்ன் எல்லாம் இருந்த அதே பெரிய ஃபோல்டரை, பக்கத்து ஆளுக்குத் தெரியாமல், காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஒருவரிடம் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்றிருக்கிறார். அவர் இன்னொருவரிடம் அதையே சொல்லியிருக்கிறார். முக்கி முனகி ஓடும் சர்வரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் அது என்ன செய்யும்?

மாஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி. உங்ககிட்டக் கேட்டா உங்களை நம்பலைங்கிற மாதிரி ஆயிருமுங்களே."

கோபப்பட வாயெடுத்தேன், வரவில்லை. காலையில் முதலில் நான் செய்திருக்க வேண்டிய வேலையைத்தான் அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். ஏழு பேரை நிறுத்தச் சொன்னேன். சனிக்கிழமைகளில் சும்மா கிடந்த அந்த வெளி டிஸ்க்கைக் கொண்டுவந்து மாஸ்டரின் கம்ப்யூட்டரில் சொருகினேன். நாலு மணி டீக்கு முன்னால் மொத்தமும் அதில் வந்து சேர்ந்தது. அதை உருவிக் கையில் எடுத்தபோதுதான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பதே உறைத்தது. டீயோடு இரண்டு பன் தின்றேன். பிறகு பேட்டர்ன் ரூம் முழுவதையும் அணைத்துவிட்டோம். அன்றைக்குக் கட்டிங்குக்கு வேண்டியது காலையிலேயே பிரிண்ட் ஆகியிருந்தது.

ஷிப்ட் முடிவதற்குள் நான்கு விளக்கும் பச்சையாகிவிட்டன. உட்கார்ந்து நன்றாக மூச்சு விட்டேன். அப்போது முதலாளி உள்ளே வந்தார், பின்னாலேயே மாஸ்டர்.

"பேக்கப் இருக்குதுன்னீங்களே, அப்பறம் எதுக்குங்க ஆளாளுக்குப் பென்டிரைவ்ல எடுத்தாங்களாம்?"

மாஸ்டர் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"காலையில இல்லீங்க. இப்பத்தானுங்க இருக்குது."

முதலாளி என் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தார். "இனிச் சனிக்கெழமையானா இதை எம்பட டேபிள்ல வெச்சுப்போட்டு ஊட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதன் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் வந்துவிட்டன. ஒன்றுகூடத் தவறவில்லை. நான் டிஸ்க்கை வைத்துவிட்டு வரும்போது மாஸ்டர் பேட்டர்ன் ரூம் வாசலில் நின்று பார்ப்பார். பார்த்த பிறகுதான் செருப்பை மாட்டுவார்.