பூஜைக்கு அடங்காத கம்ப்யூட்டர்

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் எல்லாப் பொருளும் சொன்ன பேச்சைக் கேட்கும். அரிவாள்மணை, கத்தரிக்கோல், அப்பாவின் சைக்கிள், என் கணக்குப் புத்தகம் எல்லாம் சந்தனப் பொட்டு வாங்கிக்கொண்டு ஒரு நாள் சும்மா இருக்கும். கணக்குப் புத்தகம் விஷயத்தில் எனக்கு இருந்த பக்தியை அம்மா மிகவும் மெச்சுவாள். நான் ஆறாவது படித்த வருஷம் மட்டும் ஒன்று அடங்க மறுத்தது. அது அக்காவின் கம்ப்யூட்டர்.

செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் கம்ப்யூட்டர். அக்கா வீட்டிலேயே டைப் அடித்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். ஊரப்பாக்கத்துக் கல்லூரிப் பெண் ஒருத்தியின் புராஜெக்ட்தான் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. தொண்ணூறு பக்கம். விஜயதசமியன்று காலை வந்து வாங்கிக்கொள்வதாக அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

பூஜைக்காக அக்கா அதை முறைப்படிதான் மூடினாள். மூடிக்கொண்டிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி திரையில் வந்தது. வந்த வரி போகவில்லை. அரை மணி நேரம் ஆகியும் பெட்டிக்குள் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வயரைப் பிடுங்கவும் பயம். நேராகக் கரண்டை நிறுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று கடைக்காரர் மிரட்டி அனுப்பியிருந்தார்.

"ஓடிகினு இருக்கிற மெஷினுக்கு எப்பிடிடி பொட்டு வெக்கிறது? அதுக்கு ஓய்வு குடுக்கத்தான பூஜையே," என்றாள் அம்மா.

அன்று செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு ராகுகாலம். அதற்குள் படைத்தாக வேண்டும். கரண்டு போனால் தேவலை என்று அப்பா வேண்டிக்கொண்டார். போய்விடக் கூடாது என்று அக்கா வேண்டிக்கொண்டாள். இரண்டு பேரும் நின்றது ஒரே சாமி படத்தின் முன்னால்தான்.

அந்த நேரத்தில்தான் பொரியும் பூசணிக்காயுமாக மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. தினமும் பஸ் ஏறிக் கல்பாக்கம் போய் வருகிறவர். அங்கே அணுமின் நிலையத்து ஆபீஸ் ஒன்றில் மேசைக்கு மேசை ஃபைல் கொண்டுபோய் வைப்பதுதான் அவருக்கு வேலை. ஆனாலும் அந்த பஸ்ஸில் ஏறுகிறவருக்குத் தெரியாத மெஷின் உலகத்தில் இல்லை என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. மாமா அந்த நம்பிக்கையை ஒரு நாளும் புண்படுத்தியதில்லை.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு திரைக்குக் கீழே இருந்த பொத்தானை அமுக்கினார். திரை இருண்டது.

"அவ்ளோதாங்க்கா. இதுக்குப் போயி இம்மாம் பேஜாரா?"

"அது வெறும் திரை மாமா. பொட்டி ஓடிகினுதான் கீது," என்றாள் அக்கா.

மாமா அசரவில்லை. "தெரியும். மொதல்ல கண்ண மூடணும். அப்பறந்தான தூக்கம் வரும்?"

பிறகு கீபோர்டில் இருந்த அத்தனை பொத்தான்களையும் மேலிருந்து கீழே வரிசையாக அமுக்கிப் பார்த்தார். மேசையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டார். வாசலில் நின்ற அப்பா, "மச்சான், ரெண்டே கால்," என்று மட்டும் சொன்னார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவுக்கு வடை தட்டிக் கொடுக்க உள்ளே போனாள்.

மாமாவும் நானும் மட்டும் இருந்தோம். அவர் பெட்டியின்மேல் காதை வைத்துக் கேட்டார்.

"பாப்பா, உள்ள இன்னாமோ கர்ருகர்ருனு தேடிகினு கீது."

அது என்னவென்று எனக்குத் தெரியும். திறக்கும்போதும் மூடும்போதும் என்ன சத்தம் வர வேண்டும் என்று நாமே வைக்கலாம் என அக்கா ஒருமுறை காட்டியிருந்தாள். தூங்கப் போகுமுன் சாமி பேரைச் சொல்ல வேண்டும் என்று எங்களை வளர்த்திருந்தார்கள். கம்ப்யூட்டர் மட்டும் சொல்லாமல் தூங்கலாமா? அன்று காலை அக்கா குளிக்கப் போனபோது, உள்ளே ஒரு சி.டி.யைப் போட்டு, மூடும் சத்தமாக அதிலிருந்த பிள்ளையார் சுலோகத்தை வைத்திருந்தேன். அது இன்னும் மனசுக்குள் சொல்லி முடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். சுலோகத்தை நடுவில் நிறுத்தினால் பாவம், வெளியில் சொன்னால் அடி.

கரண்டை நிறுத்தும் பொத்தானை விட்டால், பெட்டியில் அமுக்காத பொத்தான் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மாமா அதை அமுக்கினார். தட்டு வெளியே நீண்டது. கீறல் விழுந்த சி.டி. வந்தது. கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு அணைந்து காற்றாடியும் நின்றது. அடுப்படியில் எண்ணெய் கொதிக்கும் சத்தம் கேட்டது.

மாமா சி.டி.யைத் திருப்பிப் பார்த்தார். அதன்மேல் 'பிள்ளையார்' என்று அவர் கையெழுத்தே இருந்தது. யாரிடமோ சொல்லிப் பதிந்து வாங்கி, போன மாதம் அம்மாவுக்குக் கொடுத்தது. அவர் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. சட்டென்று அதைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டார்.

"இத யார்கிட்டயும் சொல்லாத பாப்பா. இன்னா?"

நான் தலையாட்டினேன். நன்றியில் எனக்கு அழுகையே வந்தது.

"இன்னாடா பண்ண?" என்று அம்மா ஓடி வந்தாள்.

"சூடுக்கா. பெரிய மெஷினுங்க எல்லாமே இப்பிடித்தான்."

ராகுகாலத்துக்குக் கால் மணி முன்னதாகவே பூஜை முடிந்தது. அம்மா பெட்டிக்குப் பொட்டு வைத்துவிட்டு அதே விரலால் தன் தம்பிக்கும் வைத்தாள். மாமா தன் இலையிலிருந்து இரண்டு வடையை எடுத்து என் இலையில் வைத்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் மாமா வந்து நின்றார். அக்கா கற்பூரம் காட்டிக் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, பின்னால் நின்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தொண்ணூறு பக்கமும் கீதா?"

"கீது மாமா."

"நல்லா பாரு. கடைசிப் பக்கம்?"

"எல்லாம் கீது மாமா. உனக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கவல?"

அப்புறம்தான் என் கையை விட்டார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

என் தப்பை மறைக்க ஒரு மனுஷர் இத்தனை பாடுபடுகிறாரே என்று அன்றைக்கு அவருக்காகத் தனியாக ஒரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். நான் செய்தது அவருக்குத் தெரியவே தெரியாது என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது. தான் கொடுத்த சி.டி.தான் அக்காவின் முதல் வேலையை விழுங்கிவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். அவ்வளவு பெரியவர் ஆறாவது படிக்கும் பெண்ணைப் பார்த்துப் பயப்படுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?