மூன்று கியர் சைக்கிள்

எழுபதுகளில் செங்கல்பட்டு சைக்கிள் கடை ஒன்றில் அவரைப் பார்த்தேன். மாமல்லபுரத்திலிருந்து தினமும் மீன் கொண்டுவந்து விற்பவர். இளைத்த வலது காலை, முழங்காலில் கைவைத்து அழுத்தி அழுத்தித்தான் மிதிப்பார். அன்று தன் பழைய ரேஸ் சைக்கிளுக்குப் புதுச் சக்கரங்கள் வாங்கி, மாட்டித்தரச் சொல்லிக் கொண்டுவந்திருந்தார். பின்சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்புக்குள்ளேயே மூன்று கியர்.

"நொண்டிக் காலுக்கு கியர் வேற கேக்குதா அண்ணாத்த?" என்றார் கடைக்காரர். பஞ்சர் ஒட்டக் காத்திருந்த நானும் சிரித்துவிட்டேன்.

அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "நீ மாட்டவே வாணாம், ஸ்பேனரக் குடு" என்று பிடுங்கிக்கொண்டு வெயிலில் ரோட்டோரம் உட்கார்ந்தார். பழைய சக்கரங்களைக் கழற்றி, புதியவற்றை மாட்டி, கியர் கம்பியை இழுத்துக் கட்டி முடிக்க மத்தியானமாகிவிட்டது. யாரும் உதவவில்லை. நானும் வேடிக்கைதான் பார்த்தேன்.

ஸ்பேனரைக் கடைக்குள் வீசிவிட்டு என்னிடம் வந்தார்.

"அவன் அப்படித்தான். படிச்சவன் மாதிரி கீற, நீ இன்னாத்துக்கு சிரிச்ச?"

"தெரியாம..."

"இன்னா தெரியாம? மேட்டுல இந்தக் காலோட வண்டியத் தள்ளிகினு வர்றதுக்குள்ள மீனு நாறிப்போவுது. அதுக்குத்தான் கியரு. இப்ப சிரி, பாக்கலாம்!"

அவர் சைக்கிளை மிதித்து, எதிர்மேட்டில் இறங்கித் தள்ளாமலே ஏறிப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.