மாமா பாலம் தாண்டிய நாள்

என் மாமனாருக்குக் கிடைத்தது குடும்ப விசிட் விசா. அந்த விசாவில் வந்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சவூதியை விட்டு வெளியே போய்த் திரும்பி வர வேண்டும். அல் கோபாரில் இருக்கும் எங்களுக்கு அது பெரிய வேலையில்லை. கடல்மேல் போகும் பாலம் ஏறிப் பஹ்ரைனுக்குப் போவோம், மதியச் சாப்பாட்டை முடிப்போம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவோம். பெற்றோர் வந்து தங்கும் வீடுகளில் எல்லாம் இது வழக்கம். பிள்ளைகளுக்கு அது பிக்னிக்.

மாமா மட்டும் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை முழங்கால் வலி என்றார். அடுத்த வாரம் தூசிக்காற்று என்றார். கெடு தாண்டினால் அவர் ஊருக்குப் போக வேண்டியதுதான். அவர் போய்விட்டால் அந்த ஃப்ளாட்டில் நான் மட்டும்தான். என் கணவருக்குக் கடலில் எண்ணெய் எடுக்கும் ரிக்கில் வேலை. நாலு வாரம் டியூட்டி, நாலு வாரம் வீடு. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர். ஆலைகளின் அளவுக் கருவிகளுக்கான வரைபடங்களை வீட்டிலிருந்தே சரிபார்த்து அனுப்பும் வேலை. மாமா வருவதற்கு முன்பு, கணவர் டியூட்டிக்குப் போன வாரங்களில், என் குரலையே நான் கேட்காத நாட்கள் உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவரிடம் "பை வேண்டாம்" என்று சொல்லும்போது தொண்டை கரகரக்கும்.

அத்தை இறந்தபின் கோவையிலிருந்து அவரை நாங்கள்தான் கட்டாயப்படுத்தி வரவழைத்தோம். அதிகம் பேசமாட்டார். ஆனாலும் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும் சத்தம் இருந்தது. செருப்புச் சத்தம், கொட்டாவி, செய்தித்தாளை மடிக்கும் சத்தம். மாலை டீ குடித்துக்கொண்டு என்னைக் கேலி செய்வார். "இன்னைக்கு லிஸ்ட்டுல எத்தன ஐட்டம் அம்மிணி? டீ குடிக்கறதயும் எழுதி வெச்சிருக்கியா?" எழுதித்தான் வைத்திருப்பேன்.

அவர் விமானப்படையில் இருந்தவர் என்பது தெரியும். வங்கதேசப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் வழி பார்த்துச் சொல்லும் நேவிகேட்டர். இரண்டு பேர் போகும் விமானம். ஓர் இரவு கீழிருந்து சுட்டதில் தீப்பிடித்து, இவர் பாராசூட்டில் குதித்தார். பைலட் குதிக்கவில்லை. அப்புறம் எதிரி நாட்டில் கைதிகள் முகாம். அங்கிருந்து தப்பி, மறுபடி பிடிபட்டு, கடைசியில் மற்றக் கைதிகளோடு அனுப்பிவைக்கப்பட்டார். இவ்வளவும் என் கணவர் சொன்னது. அவருக்கும் இதற்கு மேல் தெரியாது. "அப்பா சொல்லமாட்டாரு. அம்மாகிட்டயே சொன்னதில்ல" என்பார். பக்கத்து விமானத் தளத்திலிருந்து ஜெட் கிளம்பினால், எனக்குச் சத்தம் கேட்கும் முன்பே மாமாவின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும்.

கெடு முடியும் வாரம், நான் எல்லாவற்றையும் முடித்து வைத்தேன். பஹ்ரைன் இ-விசா, கார் இன்சூரன்ஸ், மாத்திரை, தண்ணீர், கழுத்துக்குச் சின்னத் தலையணை. "மாமா, இன்னைக்குப் போயே ஆகோணுங்க" என்றேன். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

பாலத்தில் நல்ல வெயில். இரண்டு பக்கமும் கடல் பச்சையாக இருந்தது. நடுவில் இருக்கும் தீவில்தான் இரண்டு நாட்டுச் சாவடிகளும். காரை விட்டு இறங்க வேண்டியதில்லை. கண்ணாடியை இறக்கிப் பாஸ்போர்ட்டுகளை நீட்டினேன். முதலில் வரும் சவூதிச் சாவடியில் இருந்தது ஒரு சின்ன வயது அதிகாரி. நல்ல மனநிலையில் இருந்தார் போலிருக்கிறது. இந்த ஊரில் நம்மைப் பார்த்தால் நான்கு வார்த்தை உருது பேசிப் பார்ப்பது சிலருக்குப் பழக்கம். என்னைத் தாண்டிக் குனிந்து மாமாவைப் பார்த்துச் சிரித்தபடி, "பாபா! நாம் க்யா ஹை?" என்றார். பெயரென்ன என்று கேட்கிறார். அவ்வளவுதான்.

மாமா பதில் சொல்லவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. பார்வை முன்னால் நின்ற காரின் நம்பர் பிளேட்டில் நிலைத்திருந்தது. "மாமா, உங்களைத்தான் கேக்கறாருங்க" என்றேன். அசையவில்லை. அதிகாரி இன்னும் சத்தமாகக் கேட்டார். அப்புறம் ஆங்கிலத்தில் கேட்டார். சிரிப்புப் போய்விட்டது. பாஸ்போர்ட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

"சிக்? மஜ்னூன்?" என்றார், நெற்றியைத் தொட்டுக்காட்டி. உடம்பு சரியில்லையா, பைத்தியமா என்று கேட்கிறார்.

மாமாவின் கைகளைப் பார்த்தேன். தொடையின்மேல் விரித்து வைத்திருந்தார்.

"நோ ஹியரிங்" என்றேன். "நோ டாக்கிங். சின்ன வயசிலிருந்து." கடைசி இரண்டு வார்த்தை தமிழில் வந்துவிட்டது. என் காதைத் தொட்டுக் கையை ஆட்டிக் காட்டினேன். அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "மாஃபி முஷ்கிலா. யல்லா" என்று, பரவாயில்லை கிளம்பு என்கிற மாதிரி பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்.

பஹ்ரைன் சாவடியில் யாரும் எதையும் கேட்கவில்லை. மனாமாவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை வாசலில் நிறுத்தினேன். உள்ளே உட்கார்ந்து ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏன் கண்ணு, நான் செவிடுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"யாருஞ் சொல்லலைங்க. எனக்கு வேற ஒண்ணும் தோணலைங்க மாமா."

"அன்னைக்கு முகாம்ல அவனுக்கும் அதான் தோணுச்சு" என்றார்.

அப்போதுதான் சொன்னார். முகாமில் கழிப்பறை ஜன்னல் கம்பியைப் பல வாரம் அறுத்து, அவரும் கூட இருந்த கைதி ஒரு பஞ்சாபிக்காரரும் வெளியே வந்தார்கள். ஆப்கன் எல்லைக்குப் போக வேண்டும். பஞ்சாபிக்காரருக்கு உருது தாய்மொழி மாதிரி. மாமா இந்தி பேசினால் அதில் கோயமுத்தூர் கேட்கும். அதனால் மாமாவுக்கு ஊமை, பிறவிச் செவிடு வேஷம். வைத்தியத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று பஞ்சாபிக்காரர் எல்லோரிடமும் சொன்னார். பஸ்ஸிலும் லாரியிலும் நாள் கணக்காக மாமா வாயே திறக்கவில்லை. கால் விரல்மேல் மூட்டை விழுந்தபோதுகூடக் கத்தவில்லை.

"எல்லை ஒரு பொழுது நடைதான். ஒரு டீக்கடையில உக்காந்திருந்தோம். மலைக்கு அந்தாண்ட ஒரு ஜெட் கிளம்புச்சு. யாருக்கும் இன்னும் கேக்கல. எனக்குக் கேட்டுருச்சு. தலைய நிமித்திப் பாத்துப்போட்டேன்."

எதிர் பெஞ்சில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். விமானம் தெரிந்து எல்லோரும் அண்ணாந்து பார்த்து முடிக்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு எழுந்து வந்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மிகவும் மரியாதையாக, பெயரென்ன என்று கேட்டார்.

"அவன் ஒத்தையாப் போயிருந்தா தாண்டியிருப்பான் அம்மிணி. என்னையக் கட்டி இழுத்துட்டு வந்ததுல அவனும் மாட்டுனான். அப்பவும் அவன் 'பாவம் ஊமைங்க'ன்னு கெஞ்சிக்கிட்டே இருந்தான். அடி அவனுக்குத்தான் ஜாஸ்தி."

மோர் வந்தது. அவர் குடிக்கவில்லை.

"நான் இங்கிருந்தே ஊருக்குப் போயர்றேன்" என்றார்.

நான் முதலில் கேலி என்று நினைத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த முறையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். டிக்கெட்? கொச்சிக்குச் சாயங்காலம் ஃப்ளைட் இருக்கும், பாரு என்றார். கொச்சியிலிருந்து? தம்பி மகன் கார் எடுத்துக்கொண்டு வருவான். மாத்திரை? நீதான் பையில் வைத்திருக்கிறாயே. பெட்டி, துணிமணி? யாராவது ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடு.

"திரும்பிப் போறப்ப பேரைச் சொல்லிருங்க மாமா. அவ்வளவுதானுங்களே."

"கேட்டா வாய் வருமான்னு எனக்கே தெரியல. வரலைன்னா நீ மறுபடி பொய் சொல்லுவ. யூனிஃபார்ம் போட்டவங்கிட்ட. உன்ற வேலை, உன்ற விசா எல்லாம் அவங்க கையில. மூணு மாசத்துக்கொருக்க இதே கூத்து. வேண்டாங் கண்ணு."

என்னிடம் சொல்ல ஒன்றுதான் மீதி இருந்தது. அதை நான் எந்தப் பட்டியலிலும் எழுதியதில்லை.

"வீட்ல யாருமில்லைங்க மாமா."

அவர் என்னைப் பார்த்தார். "தெரியுங் கண்ணு" என்றார். "தெரிஞ்சுதான் இத்தன நாள் போறேன்னு சொல்லாம இருந்தேன்."

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. ஃபோனில் டிக்கெட் போட்டேன். விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்குச் சொல்லியிருந்தேன். அதைப் பார்த்ததும், "செவிடாக்கின, இப்ப நொண்டியுமாக்கிட்டியா?" என்றார். ஆனாலும் உட்கார்ந்துகொண்டார். தள்ளிக்கொண்டு போன நேபாளி இளைஞன் இந்தியில் ஏதோ கேட்டான். மாமா ஒரு நொடி தாமதித்து, தன் பெயரைச் சொல்வது எனக்குக் கேட்டது. அப்புறம் கதவு மூடிக்கொண்டது.

சவூதிச் சாவடியில் வேறொருவர் இருந்தார். பக்கத்து சீட்டைப் பார்த்து, "ஒன்லி யூ?" என்றார். ஆமாம் என்றேன்.

ரிக்குக்கு அழைத்துக் கணவரிடம் சொன்னேன். "தப்பிச்சுட்டாரா மனுசன்!" என்று சிரித்தார். பிறகு அங்கே இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. "நீ சாப்ட்டயா?" என்றார்.

மறுநாளே அவருடைய துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினேன். ஸ்வெட்டர், வேட்டிகள், ஷேவிங் செட், அந்த வாரம் அவர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாள்கள். எடை போட்டுப் பார்த்தேன், அளவுக்குள்தான் இருந்தது. கோவைக்குப் போகிற இரண்டு குடும்பத்தார், கொடுத்துவிடுங்கள் கொண்டுபோகிறோம் என்று தாமாகவே கேட்டார்கள். இன்னும் கொஞ்சம் சாமான் வாங்கி வைக்க வேண்டும், அடுத்த முறை தருகிறேன் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. பெட்டி அவர் அறையில்தான் இருக்கிறது.