இரண்டாம் முறை கேட்கக்கூடாது

1964 மார்ச் 10, செவ்வாய்க்கிழமை. நாலரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. பிடித்து வைத்துவிட்டுப் பால் காய்ச்சினேன். கணவருக்கு வெந்நீர் கொடுத்து, அவர் இருமி முடிக்கும்வரை முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தேன். இருமல் அந்தத் தை மாதத்தில்தான் எங்கள் காலை வேலைகளுக்குள் வந்து சேர்ந்தது. வெந்நீருக்கும் காப்பிக்கும் நடுவே அதற்கென்று ஓர் இடம் ஆகிவிட்டது. அன்று ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்த வேண்டிய நாள். பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு சொல்லியிருந்தேன்.

கணவர் திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில், மூட்டைகள் அடுக்கிய கிடங்கில், இலை தரம் பிரிப்பவர். முந்தைய வாரம் மதுரையில் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இடது நுரையீரலில் இருப்பது புற்றுநோய் என்றார். தரம் குறைந்த இலையைத் தள்ளி வைக்கும் அதே குரலில் இவர், "சரிங்க" என்றார்.

டாக்டர் மூன்று வழி சொன்னார். ஒன்று, வேலூருக்குப் போய் அந்த நுரையீரலையே வெட்டி எடுப்பது. இவருக்கு இருக்கும் மூச்சுக்கு, ஆபரேஷன் மேஜையிலிருந்து எழுந்திருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. இரண்டாவது, சென்னையில் கரண்டு வைப்பது, அதாவது அறுக்காமல் வெளியிலிருந்தே கதிர் பாய்ச்சிக் கட்டியைச் சுடுவது. கட்டி சுருங்கலாம், திரும்பவும் வளரலாம். மூன்றாவதும் சென்னையில்தான். அங்கே ஒரு புதிய ஊசியைச் சோதித்துப் பார்க்கிறார்கள். சேருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கரண்டோடு ஊசியும் உண்டு, மீதிப் பாதிக்குக் கரண்டு மட்டும். யார் எந்தப் பாதி என்பதை ஒட்டிய கவர் ஒன்றைப் பிரித்துத்தான் தெரிந்துகொள்வார்கள். ஊசி நல்லது செய்யுமா, கெடுதல் செய்யுமா என்று அவர்களுக்கே இன்னும் தெரியாது. சென்னைப் படுக்கை வேண்டுமென்றால் புதன்கிழமை மத்தியானத்துக்குள் போனில் சொல்லிவிட வேண்டும்.

கணவருக்குத் தாயும் தகப்பனும் சிறு வயதிலேயே இல்லை. வளர்த்தது அவருடைய அக்கா, எனக்கு மதினி. பூப்போட்டுப் பார்க்காமல் எதுவும் கூடாது என்று மதினி சொல்லிவிட்டார். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் மூவரும் காலை பஸ்ஸில் கன்னிவாடிக்குப் போனோம். அங்கே மலையடிவாரத்தில் அவர்கள் குலசாமி இருக்கிறது. சிவப்பு அரளியை ஓர் இலையிலும் வெள்ளை அரளியை இன்னோர் இலையிலும் மடித்துக் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். கேள்வியை வாய்விட்டுச் சொன்னதும், நம்மைத் தெரியாத ஒரு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. கத்தி வைக்கலாமா என்று மட்டும் கேட்பதாகப் பேசி வைத்திருந்தோம்.

பூசாரி, "என்னத்தா கேக்குறீக?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்காரக எந்தம்பி ஒடம்புல கை வைக்கலாமா, கூடாதா?"

ஆஸ்பத்திரி என்றாலே அறுப்பது என்பதுதான் மதினியின் நினைப்பு. சிவப்பு வந்தது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி; கத்திக்குத்தான் நான் பயந்திருந்தேன். வீட்டுக்கு வந்து, மீதி இரண்டு வழியை மதினிக்கு விளக்க ஆரம்பித்தபோதுதான் என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

"கரண்டு வைக்கிறதும் கை வைக்கிறதுதானத்தா?"

"அதுல அறுக்க மாட்டாங்க, மதினி."

"நான் அறுக்கலாமான்னா கேட்டேன்?"

"அப்ப இதுக்குன்னு தனியா ஒருதரம் கேட்டுருவோம்."

"ஒரு காரியத்துக்கு ரெண்டாந்தரம் கேக்கக்கூடாது. கேட்டா சாமி பொய் சொல்லும்."

கணவரைப் பார்த்தேன். "என்னையப் பாக்காத. அக்கா வேண்டாம்னா நான் ரயிலேற மாட்டேன்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்காதீங்க. இருக்குறதே ஒரு பக்கத்து நெஞ்சுதான்" என்றார். மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க, "போடா எடுபட்ட பயலே" என்று திட்டினார்.

மத்தியானம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மதினியை மீறி அவரைக் கூட்டிப்போக என்னால் முடியாது, அவரே வரமாட்டார். மதினியால் சாமியை மீற முடியாது. சாமியிடம் மறுபடி போகவும் வழியில்லை. கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அரிசியில் கல் பொறுக்கினேன். பொறுக்கிய அரிசியையே மறுபடியும் முறத்தில் கொட்டிப் பொறுக்கினேன்.

விளக்கேற்றும் நேரத்தில் மதினி தானாகவே பேசினார். "ஏத்தா, அந்தக் கவருல என்ன இருக்குன்னு டாக்டருக்குக்கூடவா தெரியாது?"

"தெரியாது. தெரிஞ்சா வேண்டியவங்களுக்கு ஒண்ணு, வேண்டாதவங்களுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுருவாங்களாம்."

மதினி கொஞ்சம் யோசித்தார். "அதுக்குத்தான் இங்கயும் அசலூட்டுப் புள்ளைய எடுக்கச் சொல்றது."

"ஆமா, மதினி."

"அப்ப அவகளும் பூப்போட்டுத்தான் பாக்குறாக. அங்க எந்தச் சாமி?"

"சாமி கிடையாது. கவர் மட்டுந்தான்."

"சாமியில்லாமலா?" மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, எந்தம்பிக்கு ஊசி இல்லாத பாதி விழுந்துட்டா?"

விழாது என்று சொல்லியிருந்தால் மதினி அப்போதே சம்மதித்திருப்பார். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"விழலாம், மதினி. ஊசி போட்ட பாதிதான் நல்ல பாதின்னும் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இம்புட்டும் செய்றாங்க."

மதினி சோறு வேண்டாம் என்று முந்தானையை விரித்துப் படுத்துவிட்டார். கணவர் சுவரில் சாய்ந்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நான் எழுந்தபோது குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. மதினி குளித்து, ஈரத் தலையோடு விளக்கின் முன்னால் இருந்தார். துணிக்கிழிசல் ஒன்றில் மஞ்சள் பூசி, நாணயம் ஒன்றை அதில் வைத்து, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார்.

"சாமிய மீறுறதுக்குத் தப்புக் காசு" என்றார். "கேட்டது நான். குத்தமும் என் தலையில. போன் ஆபீசு எம்புட்டு மணிக்குத்தா தெறப்பாக?"