எண்ணெய் போடாத ஊஞ்சல்

போன வாரம் வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க உட்கார்ந்தேன். முதல் பூச்சுக்கான அந்தச் செங்கல் நிறத் துருத்தடுப்பு டப்பாவைத் திறந்ததுமே மூக்கு அடையாளம் கண்டுகொண்டது. "இத்தன வருசம் கவுன்சில் இரும்புக்குப் பூசனது பத்தலையா?" என்றாள் மனைவி, உள்ளே இருந்தபடியே. ஆள் வைத்துக்கொள்ளலாம்தான். வருகிறவன் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசிவிட்டுப் போய்விடுவான் என்று எனக்குச் சந்தேகம். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நாங்களே எத்தனையோ முறை அப்படிப் பூசிவிட்டு வந்திருக்கிறோம்.

எண்பதுகளில் பினாங்கு ஜார்ஜ்டவுன் நகரக் கவுன்சிலில், பிள்ளைகளின் விளையாட்டுத் திடல்களைக் கவனிக்கும் பிரிவில் எனக்கு வேலை. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான், வெல்டிங் செய்யும் முனியாண்டி அண்ணன், ஒரு லோரி, அவ்வளவுதான். அந்த லோரியும் மரம் வெட்டுகிறவர்களுக்கு வேண்டாத நாள்களில்தான் எங்களுக்கு. கையில் அட்டையும் அதில் எழுதி நிரப்பும் பாரமுமாக நான் இறங்கினால் பிள்ளைகள் பெரிய அதிகாரி வந்துவிட்டார் என்று ஒதுங்கி நிற்பார்கள். நானும் அவர்களைத் திருத்தியதில்லை.

பினாங்கில் இரும்புக்கு ஆயுசு குறைவு. கடற்காற்று பட்டுப் பட்டு ஆறே மாதத்தில் பெயிண்ட் பொரிந்து வந்துவிடும். புதுச் சாமான் கேட்டு எழுதினால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வரும். அதனால் ஒரு திடலில் கழற்றி இன்னொரு திடலில் மாட்டுவோம். இங்கே சங்கிலியும் அங்கே பலகையும் நன்றாக இருந்தால் இரண்டையும் சேர்த்து ஓர் ஊஞ்சல் தேறும். "இன்னிக்கு எவன் கிட்னிய எடுக்கப் போறோம் தம்பி?" என்று கேட்டுக்கொண்டுதான் முனியாண்டி அண்ணன் லோரியில் ஏறுவார். பங்களா பக்கத்திலிருந்து டைப் அடித்த புகார்க் கடிதங்கள் வரும். பிளாட்டுகளிலிருந்து ஒன்றும் வராது. ஆகவே கிட்னி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி ஒரு பிளாட்டின் கீழே ஒரு சறுக்கும் ஓர் ஊஞ்சலும் இருந்தன. அந்த ஊஞ்சல் போட்ட சத்தம் இருக்கிறதே! கிறீச் கிறீச்சென்று பெரிய ரோடு வரை கேட்கும். ஒரு நாள் காலை எனக்குக் கடமையுணர்ச்சி பொங்கிவிட்டது. ஏணியில் நானே ஏறி, மேல்குழாயில் சங்கிலி வளையங்கள் உராயும் இடமெல்லாம் கிரீஸை அள்ளி அப்பினேன். சத்தம் நின்றது. சின்னப் பெண்கள் இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். கீழே நின்று ரசித்தேன். பேப்பரில் என் படம் வராததுதான் குறை.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண் காலில் செருப்பில்லாமல், அவிழ்ந்த தலையோடு படிகளில் ஓடிவந்தார். ஊஞ்சலில் இருந்த பிள்ளைகளைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யாரு இதுக்கு எண்ணெ போட்டது?"

"நான்தாங்க்கா," என்றேன் பெருமையாக.

"ஏன் தம்பி போட்டீங்க? நான் பேக்டரில நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுக்குறவ. அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் புள்ளைங்க கீழதான் இருக்குன்னு தூங்குவேன். திடீர்னு நின்னு போச்சு. ரெண்டும் ரோட்டுக்குப் போயிருச்சுன்னு நெனச்சுட்டேன் லா!"

லெட்சுமி அக்கா எனக்கு அப்படித்தான் பழக்கமானார். பாயான் லெப்பாஸ் பேக்டரி ஒன்றில் வேலை. கணவர் லோரி ஓட்டிக்கொண்டு ஈப்போ, கோலாலம்பூர் என்று போய்விடுவார். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்த ஊஞ்சலை விட்டால் ஆளில்லை. எண்ணெய் போடாவிட்டால் இரும்பு தேயும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். முனியாண்டி அண்ணன் என்னைத் தடுத்தார். "தொடச்சு உட்ருவோம் தம்பி. அந்தப் புள்ள தூங்கட்டும்."

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். கிறீச் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு எல்லா ஊஞ்சலுக்கும் எண்ணெய் போட்டோம், அது ஒன்றைத் தவிர. பாரத்தில் மட்டும் 'போடப்பட்டது' என்று எழுதுவேன். என் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் ஏணியில் ஏறிப் பார்த்தேன். வளையங்கள் மேல்குழாயைப் பாதிக்கு மேல் தின்றிருந்தன. கிரீஸ் இருந்திருந்தால் இன்னும் பல வருஷம் தாங்கியிருக்கும். ஒரு பிள்ளை ஆடும்போது முறிந்தால் என்ன ஆகும்? அன்றைக்கே கழற்றியாக வேண்டும். கழற்ற ஆள் இருந்தது, புதுக் குழாய் வாங்கத்தான் பணம் இல்லை. நல்ல சங்கிலியும் பலகையும் பங்களா பக்கத்துக்குப் போகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நாங்கள் அறுத்துக்கொண்டிருக்கும்போது லெட்சுமி அக்கா தூக்கக் கண்ணோடு இறங்கி வந்தார். கையில் தட்டு, இரண்டு கிளாஸ் மைலோ. ரிப்பேருக்குத்தான் எடுத்துப் போகிறோம் என்று நினைத்துவிட்டார்.

"எப்ப தம்பி திரும்ப வரும்?"

"சீக்கிரம் வந்துரும்க்கா."

முனியாண்டி அண்ணன் கிளாஸைத் தொடவில்லை. "நெசத்த சொல்லிரு தம்பி," என்று என் காதருகே சொன்னார். நான் என்னுடைய மைலோவைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, சூடாக இருந்தது அக்கா என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறினேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் குடித்தேன்.

மூன்று மாதம் கழித்துச் சறுக்கைப் பார்க்க அங்கே போனேன். மூன்றாம் மாடிக் கம்பிக் கதவில் பூட்டு தொங்கியது. உள்ளே இரண்டு பெண்களும் கம்பிக்கு வெளியே கைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அங்கிள்! ஊஞ்சல் எப்ப வரும்?" என்று மூத்தவள் கத்தினாள். சின்னவள் சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.

"அடுத்த வாரம்," என்றேன்.

இப்போது அங்கே திடல் இல்லை. தார் போட்டு, மஞ்சள் கோடு கிழித்து, கார்கள் நிற்கின்றன. முனியாண்டி அண்ணனும் இல்லை. லெட்சுமி அக்கா குடும்பம் எந்தப் பக்கம் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மூத்தவளுக்கு இன்றைக்கு நாற்பது தாண்டியிருக்கும். எங்காவது பார்த்தால் அவளிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடுத்த வாரம் என்று சொன்னபோதே, அது வராது என்று எனக்குத் தெரியும்.