சைஃப் பாபா பிறந்த வீடு

அம்மையப்பன் ராஸ் அல் கைமாவுக்கு வந்தது சிமெண்ட் ஃபாக்டரி வேலைக்கு. தூசியில் மூச்சிரைக்க ஆரம்பித்ததும், இனி அந்த வேலை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரியலூருக்குத் திரும்பிப் போக அவனுக்கு வழியில்லை. ஓர் அரபி வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்த நாகூர்க்காரி ரஹீமா பீவி, முதலாளி காலிதிடம் சொல்லி அவனை அங்கே சேர்த்துவிட்டாள். காலிதின் அப்பா சைஃப் பாபாவைக் குளிப்பாட்ட வேண்டும், ஊட்டிவிட வேண்டும், சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ள வேண்டும்.

பாபாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. பெற்ற மகனையே சில நாள் போலீஸ்காரன் என்று நினைத்துப் பயந்தார். மற்றவர்கள் ஊட்டினால் துப்புவார். அம்மையப்பன் கையால் மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார். "உன்கிட்ட என்னமோ இருக்கு தம்பி," என்பாள் ரஹீமா பீவி.

பாபா பிறந்தது கடலோரம், முத்துக்குளிப்பவர்களின் ஊரில். அவர் இளைஞராக இருந்தபோதே அவருடைய குலத்தார் மொத்தமாக அங்கிருந்து கிளம்பிவிட்டார்கள். வெகுகாலம் பாழாய்க் கிடந்த பவளக்கல் வீடுகளைச் சமீபத்தில் பழுதுபார்த்து, அந்த மக்கள் வாழ்ந்த விதத்தைக் காட்டும் இடமாகத் திறந்திருந்தார்கள். "கூட்டிட்டுப் போய்க் காட்டு. சந்தோஷப்படுவார்," என்றார் காலித். அவருக்கு அபுதாபியில் மீட்டிங். காரையும் டிரைவரையும் கொடுத்தனுப்பினார்.

ஊருக்குள் நுழைந்ததுமே பாபா சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இடது பக்கம். இப்ப நேரா. மெதுவாப் போ, இங்க பள்ளம் இருக்கும்." பள்ளம் இல்லை, சமமாகக் கல் பாவியிருந்தார்கள். ஆனால் அவர் நிறுத்தச் சொன்ன வீடு அவருடையதுதான். வாசல் பலகையில் அவர் தகப்பனார் பெயர் இருந்ததை டிக்கெட் கிழிப்பவர் படித்துச் சொன்னார். பாபா இப்படித் தெளிவாகப் பேசி அம்மையப்பன் கேட்டதே இல்லை. அவனுக்குப் பெருமையாக இருந்தது.

முற்றத்தைத் தாண்டினால் ஓர் அறை. குறுக்கே கயிறு கட்டியிருந்தது. உள்ளே கறுப்பு உடுத்த ஒரு பொம்மைப் பெண், முகத்தில் அந்த ஊர்ப் பெண்கள் போடும் முகமூடியோடு, திருகைப் பிடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"உம்மா," என்றார் பாபா.

அம்மையப்பன் நாற்காலியைத் திருப்பப் பார்த்தான். பாபா கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "உம்மா, நான் சைஃப் வந்திருக்கேன்." பொம்மை குனிந்தபடியே இருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. "ஏன் திரும்பிப் பார்க்க மாட்டேங்குறா? கோபமா? நீ சொல்லேன்."

அம்மையப்பனுக்கு அரபி கேட்டால் ஓரளவு புரியும். பேசத் தெரிந்ததெல்லாம் சாப்பாடு, தண்ணீர், வலி, வேலை என்பதற்கு மேல் போகாது. பொம்மை என்பதற்கு அரபியில் என்ன என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பானா?

"ஷுகுல், பாபா," என்றான். "உம்மா வேலையா இருக்காங்க."

பாபாவின் முகம் தெளிந்தது. "சரி. முடிக்கட்டும். இருக்கேன்."

அப்படியே காத்திருந்தார். ஆட்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். தண்ணீர் கொடுத்தான், வேண்டாம் என்றார். வெயில் முற்றத்தைவிட்டு இறங்கியது. காலிதுக்கு போன் அடித்தான், எடுக்கவில்லை. மூடுகிற நேரமானதும் வாட்ச்மேன் வந்து, "பாய், கலாஸ், முடிஞ்சுது. யல்லா, கிளம்புங்க," என்றார். "கொஞ்ச நேரம் பாய்," என்று அம்மையப்பன் கும்பிட்டான். "என் வேலை போயிடும் பாய்," என்று வாட்ச்மேனும் கும்பிட்டார்.

"பாபா, வீட்டுக்குப் போகலாம்."

"இதுதான் வீடு."

கடைசியில் டிரைவரும் அவனும் சேர்ந்துதான் தூக்க வேண்டியிருந்தது. கயிற்றிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது அம்மையப்பன். "உம்மா, என்னை இழுத்துட்டுப் போறான்!" என்று பாபா கத்தினார். அவன் கையைக் கடித்தார். வாசலில் யாரோ அதையும் மொபைலில் பிடித்தார்கள்.

மறுநாள் காலை அவன் கஞ்சிக் கிண்ணத்தோடு போனபோது பாபா வாயை இறுக்கிக்கொண்டார். அடுத்த நாளும் அப்படித்தான். அவன் அறைக்குள் வந்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"நாளைக்குச் சரியாயிடும் தம்பி. அவருக்கு எதுதான் நினைப்புல நிக்குது?" என்றாள் ரஹீமா பீவி.

"எல்லாத்தையும் மறக்குறாரு. இத மட்டும் ஏங்க்கா மறக்கல?"

அவள் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

காலித் திட்டவில்லை. "உன் தப்பில்லை. ஆனா அவர் சாப்பிடணும் இல்லையா?" என்றார். ஒரு நர்ஸை வைத்தார். அம்மையப்பனைப் பேரீச்சந்தோட்டத்துக்கு அனுப்பினார், ஆடுகளைப் பார்த்துக்கொள்ள.

ரஹீமா பீவி அவ்வப்போது போன் செய்வாள். நர்ஸ் ஊட்டுவதும் பாதிதான் உள்ளே போகிறதாம். பிறகு மூக்கில் குழாய் போட்டுவிட்டார்களாம். வலித்ததா என்று அம்மையப்பன் கேட்டான். தான் அப்போது அடுப்படியில் இருந்ததாக அவள் சொன்னாள்.